பின்சீட்டில் இருந்தவர் யார்?

கோயமுத்தூரில் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் கையோடு ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போவது ஊர் வழக்கம். பீளமேட்டுப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே இந்த வேலைதான். பழைய கார் விற்கும் கன்சல்டிங் கடை வாசலிலோ, மில் கார் ஷெட்டிலோ, யாரோ ஒருவர் வீட்டுப் போர்டிகோவிலோ நின்று பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘எடுக்கலாமுங்க’ என்றோ ‘வேண்டாமுங்க’ என்றோ சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்குத்தான் கூலி.

போகிற வழியிலேயே பேச்சு ஆரம்பித்துவிடும். “அண்ணா, வண்டி கம்பெனி வண்டியாமா. ஒன்னே முக்கால் லட்சம் ஓடியிருக்குது. வீட்டுல வேண்டவே வேண்டாங்கறாங்க. இன்னொரு பக்கம் அறுபதாயிரம் ஓடுன வண்டி ஒன்னு இருக்குது, ரெண்டு லட்சம் கூடச் சொல்றாங்க. அதை எடுத்தர்லாமுங்களா?”

வீட்டில் சொல்வது பாதி சரி. ஆனால் கிலோமீட்டரை மட்டும் வைத்துக் காரின் வயதைச் சொல்ல முடியாது. எஞ்சினுக்குத் தூரம் தெரியாது. எத்தனை மணி நேரம் சுற்றினோம், சூடேறி எத்தனை முறை ஆறினோம் என்பதுதான் அதன் தேய்மானக் கணக்கு. காந்திபுரம், உக்கடம், கணபதி என்று ஊருக்குள்ளேயே ஓடும் கார் சராசரியாக மணிக்கு இருபது கிலோமீட்டர் நகர்ந்தாலே பெரிது. அப்படி 60,000 கிலோமீட்டர் ஓட எஞ்சின் 3,000 மணி நேரம் சுற்றியிருக்க வேண்டும். சேலம், பெங்களூரு, சென்னை என்று நான்குவழிச் சாலையில் மணிக்கு அறுபது சராசரியில் ஓடிய கம்பெனி கார் 1,50,000 கிலோமீட்டரை 2,500 மணி நேரத்தில் முடித்துவிடும். கிளட்சையும் பிரேக்கையும் கேட்டால் வித்தியாசம் இன்னும் கூடும். ஊருக்குள் ஒரு சிக்னலுக்கு மூன்று தடவை மிதிக்கும் கிளட்சை, பைபாஸில் பெருந்துறை தாண்டினால் சங்ககிரி வரைக்கும் தொட வேண்டியதில்லை.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் இது இன்னும் முக்கியம். அவற்றின் சைலன்சர் வழியில் கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி ஒன்று இருக்கிறது. வண்டி நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓடினால் சூட்டில் அந்தக் கரி எரிந்து வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும், சாயங்காலம் காய்கறி வாங்கவும் மட்டும் போய்வந்த டீசல் காரில் அது அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். ‘கம்மியா ஓடுன டீசல் வண்டி’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நான் முதலில் அந்த விளக்கைத்தான் தேடுவேன்.

அதற்காக, அதிகம் ஓடிய கம்பெனி வண்டி எல்லாம் நல்ல வண்டி என்று நான் சொல்லவில்லை. கம்பெனி வண்டி என்பது ஒரே சாதி இல்லை. முதலாளி உட்கார்ந்து போன வண்டி வேறு. விற்பனைப் பிரதிநிதி தானே ஓட்டித் திரிந்த வண்டி வேறு. ஆட்களை ஏற்றி இறக்கிய காண்ட்ராக்ட் வண்டி வேறு. விற்கும்போது மூன்றும் ‘கம்பெனி வண்டி, சிங்கிள் ஓனர்’ என்ற ஒரே பேரில்தான் வரும். ஆர்.சி.யில் கம்பெனிப் பேர் இருப்பதால் சிங்கிள் ஓனர் என்பது பொய்யில்லை. ஸ்டியரிங் எத்தனை கை மாறியது என்பது மட்டும் ஆர்.சி.யில் இருக்காது. அதைப் படிக்க வேறு இடங்கள் உண்டு.

நான் பானெட்டைத் தூக்குவதற்கு முன்பே பின்கதவைத் திறப்பேன். வாங்க வந்தவர் விழிப்பார். நம் நாட்டில் டிரைவர் வைத்த முதலாளி, டிரைவருக்குப் பின்னால் உட்காருவதில்லை. இடதுபக்கப் பின்சீட்டில்தான் உட்காருவார். ரோட்டோரம் இறங்க ஏற அதுதான் வாகு. நாலைந்து வருடம் ஒரே ஆள் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் அந்த இடத்து ஃபோம் மட்டும் ஒரு விரல் அளவுக்கு உள்ளே போயிருக்கும். கையை விரித்து அழுத்தினால் வலதுபக்கமும் இடதுபக்கமும் வேறு வேறு சீட் என்று உள்ளங்கைக்குத் தெரியும். அந்தக் கதவின் கைப்பிடிப் பிளாஸ்டிக் மின்னும். மேலே ஏ.சி. காற்று வரும் துவாரத்தின் இதழ்கள் தளர்ந்திருக்கும். முன்னால் இருக்கும் இடதுசீட்டின் முதுகில் ஷூ மூக்கு பட்ட தடம் இருக்கும். அந்த முன்சீட்டோ, யாருமே உட்காராததால் ஷோரூமில் பார்த்தது மாதிரியே இருக்கும். இப்படி ஒரு வண்டியைப் பார்த்தால் எனக்குப் பாதி நிம்மதி. ஒரே டிரைவர், முதுகு அலுங்காமல் ஓட்ட வேண்டிய கட்டாயம், சத்தம் வந்தால் அன்றைக்கே ‘என்னப்பா சத்தம்?’ என்று கேட்க ஆள், பில்லைக் கட்ட கம்பெனி.

பிரதிநிதி ஓட்டிய வண்டியில் எல்லாம் தலைகீழ். பின்சீட் புத்தம் புதிதாக இருக்கும். டிரைவர் சீட்டின் வலது விளிம்பு மட்டும் நசுங்கித் துணி தேய்ந்திருக்கும். ஒரு நாளைக்குப் பத்துக் கடை ஏறி இறங்குகிறவர் அந்த விளிம்பில் உராயாமல் இறங்க முடியாது. டிக்கியின் உள்பக்கம் சாம்பிள் பெட்டி இழுத்த கீறல்கள். இந்த வண்டிகளில் நான் பயப்படுவது எஞ்சினுக்கு இல்லை, அடிப்பாகத்துக்கு. இலக்கை முடிக்க ஓடுகிறவருக்குப் பள்ளமும் வேகத்தடையும் கண்ணில் படாது. சாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் புஷ், ஸ்டியரிங் ராடு எல்லாவற்றையும் ஜாக்கி போட்டு ஆட்டிப் பார்க்காமல் விலை பேசக் கூடாது. ஆனால் மாற்றத்தக்க சாமான்கள்தாம். விலையில் அடித்துக்கொள்ளலாம்.

காண்ட்ராக்ட் வண்டிதான் வில்லங்கம். ராத்திரி ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்கிய வண்டியில் நான்கு கதவின் கீலும் லூசாக இருக்கும். கதவைப் பாதி திறந்து மேலே தூக்கிப் பார்த்தால் ஆடும். இரண்டு டிரைவர், சமயத்தில் மூன்று டிரைவர். ஆள் வரும்வரை மதிய வெயிலில் ஏ.சி. போட்டுத் தூங்கியதில் எஞ்சின் சுற்றிய மணிக்கணக்கு எந்த மீட்டரிலும் ஏறாது. இந்த வண்டிகளை மஞ்சள் போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாற்றி, ‘கம்பெனி யூஸ்’ என்று விற்பார்கள். மாற்றுவது சட்டப்படி செய்யக்கூடியதுதான், மறைப்பதுதான் தப்பு. பம்பரிலும் பக்கவாட்டிலும் ஒளி திருப்பும் டேப் ஒட்டியிருந்த பசைத் தடம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றியபின் பானெட்டுக்குள் அநாதையாகத் தொங்கும் ஒயர், டாஷ்போர்டின் கீழே ஜி.பி.எஸ். பெட்டி மாட்டிய திருகு ஓட்டை என்று ஏதாவது ஒன்று காட்டிக்கொடுத்துவிடும்.

மீட்டரைக் குறைப்பது பற்றி நிறையக் கதை கேட்டிருப்பீர்கள். பல வண்டிகளில் அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. லேப்டாப்பை மாட்டி டிஜிட்டல் மீட்டரில் வேறு எண்ணை எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். கம்பெனி வண்டிகளுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது என்பது என் அனுபவம். வீட்டு வண்டியில் எழுபதாயிரத்தை ஐம்பதாயிரம் ஆக்கிப் பெரிதாக லாபமில்லை. இரண்டு லட்சத்தை எண்பதாயிரம் ஆக்கினால் லாபம் உண்டு.

ஒரு கன்சல்டிங்கில் பார்த்த 2017 இன்னோவா கிரிஸ்டா அப்படித்தான். மீட்டரில் 84,000. பளபளவென்று பாலிஷ் போட்டு நிறுத்தியிருந்தார்கள். எனக்கு முதலில் உறுத்தியது பெடல் ரப்பர். மூன்றும் புதுசு. எண்பதாயிரத்துக்குள் யாரும் பெடல் ரப்பர் மாற்றுவதில்லை; தேய்ந்ததைக் காட்ட விருப்பமில்லாதவர்தான் மாற்றுவார். சீட் முழுக்கப் புது உறை. உறைக்கு மேலேயே அழுத்திப் பார்த்தேன், இடது பின்சீட் பள்ளம். முன்சக்கரத்தின் இடைவெளியில் விரலை விட்டு பிரேக் டிஸ்க்கின் ஓரத்தைத் தடவினேன். பேடு படாத வெளி விளிம்பு ஒரு வரப்பு மாதிரி எழும்பி நின்றது. அத்தனை ஆழத்துக்கு டிஸ்க் தேய எண்பதாயிரம் போதாது. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 3121 என்றால் 2021-ஆம் ஆண்டின் 31-வது வாரத்தில் செய்த டயர். இந்த வண்டியில் நான்கு டயருமே வேறு வேறு வருடம், ஒன்றுகூட வண்டியோடு வந்தது இல்லை. ஆக இரண்டு செட்டுக்கு மேல் மாறியிருக்கிறது.

கடைக்காரரிடம் ஒன்றும் சொல்லாமல், வண்டி எண்ணைக் கொடுத்து கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் ரெக்கார்டு எடுக்கச் சொன்னோம். ஓனர் சம்மதித்தால்தான் கொடுப்பார்கள் என்பதால், ‘ரெக்கார்டு காட்டினால் அட்வான்ஸ்’ என்று வாங்குகிறவரே பேசினார். இரண்டு நாள் இழுத்தடித்துக் காட்டியதில் கடைசிப் பதிவு 1,92,000. கேட்டால், “நடுவுல மீட்டர் ரிப்பேர் ஆகி மாத்துனதுங்க” என்றார். நியாயமாக மீட்டர் மாற்றினால் அதே ரெக்கார்டில் மாற்றிய தேதியும் பழைய எண்ணும் இருக்கும். இல்லை. 1,92,000 என்று சொல்லியே விற்றிருந்தால் நானே எடுக்கச் சொல்லியிருப்பேன், வண்டி அவ்வளவு மோசமில்லை. ஆனால் மீட்டரில் பொய் எழுதியவர் வேறு எங்கே என்ன செய்திருப்பார் என்று தேடிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அதே வாங்குகிறவருக்கு, அவர் பெருந்துறைப் பக்கம் மஞ்சள் வியாபாரி, பிறகு ஒரு நூற்பாலையின் வண்டி கிடைத்தது. அதே 2017, அதே 2.4 லிட்டர் கிரிஸ்டா, 2,31,000 கிலோமீட்டர். எண்ணைக் கேட்டதும் அவர் முகம் விழுந்துவிட்டது. “ரெண்டே கால் லட்சத்துக்கு மேலயா? வண்டில என்ன தம்பி மிச்சம் இருக்கும்?” என்றார். பார்த்துவிட்டு வரலாம், பெட்ரோல் செலவு மட்டும்தானே என்று கூட்டிப்போனேன்.

முதல் நாளே போன் பண்ணி, நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். டீசல் வண்டியைக் குளிர்ந்த எஞ்சினோடுதான் பார்க்க வேண்டும். சூடேற்றி வைத்த எஞ்சின் எல்லா நோயையும் மறைத்துவிடும். காலையில் போனதும் பானெட் மேல் கையை வைத்தேன், பனி ஈரம் அப்படியே இருந்தது. சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. சைலன்சரில் ஒரு இழுப்பு வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டது. அது இயல்பு. நிற்காமல் வந்தால் இன்ஜெக்டரைச் சந்தேகப்படலாம், கூலன்ட்டையும் சந்தேகப்படலாம். நீலமாக வந்தால் எண்ணெய் எரிகிறது. கறுப்பாகக் குமுறினால் டர்போ, காற்றுப் பாதை, இன்ஜெக்டர் என்று ஒரு பட்டியல் இருக்கிறது.

எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அந்த வாயிலேயே தலைகீழாக லேசாக வைத்தேன். பிஸ்டன் ரிங் தேய்ந்த எஞ்சினில் கீழிருந்து வரும் புகைக் காற்று மூடியைத் துள்ள வைத்துக் கீழே தள்ளிவிடும். இது லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். மஞ்சள் வியாபாரியையே கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். காங்கேயம் மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு இது புரியாமல் போகுமா? “சூடு தெரியுது, எத்தல் இல்லையே” என்றார். சரியான சொல்.

நான் அதிக நேரம் செலவிட்டது வண்டியோடு இல்லை, டிரைவரோடு. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், பல வருடமாக அந்த மில்லில் இருக்கிறார். மேனேஜர் விலை பேச உள்ளே போனதும் அவரை டீக்கு அழைத்துப் போனேன்.

“அண்ணா, வண்டியில என்னென்ன மக்கர்?”

“மறைக்க என்னங்க இருக்குது. கிளட்ச் ரெண்டு தடவை மாத்தியாச்சு. பின்னாடி டோரு புதுசுங்க, சங்ககிரிகிட்ட லாரிக்காரன் வந்து முட்டிட்டான். மழைக்கு இடது பின்கதவு பூட்டு ஒட்டிக்கும், தட்டுனா சரியாப் போகும். மத்தபடி எங்க மொதலாளி இதுல தூங்கிட்டேதானுங்க மெட்ராஸ் போவாரு.”

கம்பெனி வண்டி வாங்குவதில் இருக்கும் பெரிய வசதி இந்த மனிதர்தான். வண்டி விற்பதில் அவருக்கு லாபமும் இல்லை நட்டமும் இல்லை. தன் கையால் வளர்த்த வண்டி நல்ல இடத்துக்குப் போக வேண்டும் என்ற ஆசை மட்டும் இருக்கும். கன்சல்டிங்குக்கு வண்டி போய்விட்டால் இவர் கிடைக்கமாட்டார். அதனால் முடிந்தவரை கம்பெனியின் ஷெட்டிலேயே வண்டியைப் பாருங்கள் என்பேன்.

அவர் டிரிப் புக்கையும் எடுத்துக் காட்டினார். நீளமான கணக்கு நோட்டு. தேதி, கிளம்பும்போது மீட்டர், வரும்போது மீட்டர், ஊர், டீசல், கையெழுத்து. கம்பெனி கணக்குக்காக எழுதியது, மெக்கானிக்குக்கு அது ஜாதகம். பக்கம் பக்கமாகச் சென்னை, பெங்களூரு, திருநெல்வேலி, ராஜபாளையம். மலை ரூட் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும். டீசல் போட்ட அளவையும் ஓடிய தூரத்தையும் அங்கங்கே வகுத்துப் பார்த்தேன். ஆரம்பப் பக்கங்களிலும் கடைசிப் பக்கங்களிலும் லிட்டருக்குப் பன்னிரண்டு சொச்சம்தான். இரண்டு லட்சத்துக்கு மேல் ஓடியும் மைலேஜ் இறங்காத வண்டியில் இன்ஜெக்டரையும் கம்ப்ரஷனையும் பற்றி நான் கவலைப்படுவதில்லை.

ஓட்டிப் பார்த்தபோது நான்காவது கியரில் மெதுவாகப் போய் ஆக்ஸிலரேட்டரை ஒரேயடியாக மிதித்தேன். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். கொஞ்சம் வழுக்கியது. கீழே படுத்துப் பார்த்ததில் பின் டிஃபரன்ஷியல் சீலில் எண்ணெய் கசிவு, முன்பக்கம் புஷ் வெடிப்பு. சேஸிஸ் ரயிலில் துருவோ வெல்டிங்கோ இல்லை. கிரிஸ்டா தனிச் சேஸிஸ் மேல் பாடி உட்கார்ந்த வண்டி, அதனால் இதைப் பார்க்காமல் விடக் கூடாது. கிளட்ச் செட், சீல், புஷ், சாக் எல்லாம் எழுதி மேனேஜரிடம் நீட்டியதும் அதற்கான தொகையைப் பேசாமல் குறைத்துக்கொண்டார். கன்சல்டிங்கில் கேட்ட விலைக்கும் இதற்கும் மூன்று லட்சத்துக்கு மேல் வித்தியாசம். அதில் ஒரு பகுதியை என் ஒர்க்‌ஷாப்பில் செலவழித்து, மிச்சத்தைப் பையில் வைத்துக்கொண்டார் மஞ்சள் வியாபாரி. வண்டி இப்போது மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி மஞ்சள் மண்டிக்கும் மாமியார் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கிரிஸ்டாவில் டைமிங் செயின். 2005-இல் குவாலிஸுக்குப் பதிலாக வந்த பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் எஞ்சினில் டைமிங் பெல்ட். இந்த வித்தியாசம் தெரியாமல் பழைய இன்னோவாவை எடுத்து, பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேட்காமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பெல்ட் அறுந்தால் வால்வு, பிஸ்டன் என்று எஞ்சினின் மேல்பாதியே போகும். பில் இல்லையா, வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள்.

வால்பாறை, குன்னூர், கோத்தகிரி எஸ்டேட்டு வண்டிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கிலோமீட்டர் குறைவாகவே இருக்கும், எஸ்டேட் மேனேஜர் வண்டி என்று மரியாதையான பேரும் இருக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஒரு தடவை ஏறி இறங்கினால் கிளட்சும் பிரேக்கும் ஸ்டியரிங்கும் படும் பாடு, பைபாஸில் சென்னை போய்வந்தாலும் படாது. மலையின் ஈரத்தில் அடித்தகடும் துருப்பிடிக்கும். மலை வண்டியில் ஐம்பதாயிரம் என்பதைச் சமவெளி ஒரு லட்சம் என்று மனதில் வைத்துத்தான் நான் பார்ப்பேன்.

சென்னை வண்டி என்றால் வேறு ஒரு சோதனை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் கம்பெனிகளின் பேஸ்மென்ட்டில் நின்ற கார்கள் முழுகின. இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏலம் விட்ட அவற்றில் பல, துடைத்து உலர்த்தப்பட்டு வேறு ஊர்களில் விற்பனைக்கு வந்தன. சீட் பெல்ட்டை முழுக்கக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். துடைத்தவர் கை அங்கே போயிருக்காது. பெல்ட்டின் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு இருக்கும். சீட்டுக்குக் கீழே ரயிலில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், ஃபியூஸ் பெட்டி மூலையில் மண். இதில் ஒன்று இருந்தாலும் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். தண்ணீர் குடித்த ஒயரிங் இரண்டு வருடம் கழித்துக்கூடப் பழிவாங்கும். டெல்லி வண்டியும் வருகிறது. அங்கே பத்து வருடம் தாண்டிய டீசல் கார்களுக்கு 2018-இல் உச்ச நீதிமன்றமே தடையை உறுதிசெய்த பிறகு மலிவாக இறங்கின. வண்டி நன்றாகவே இருக்கலாம், ஆனால் என்.ஓ.சி., இங்கே கட்ட வேண்டிய வரி, மறுபதிவு எல்லாம் சேர்த்தபின் மலிவு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும்.

கம்பெனி நல்ல வண்டியை ஏன் விற்கிறது என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. கணக்குப் புத்தகம்தான் காரணம். வருமான வரிக் கணக்கில் காருக்கு வருடம் 15 சதவீதம் தேய்மானம், மீதி மதிப்பின் மேல் கழிப்பார்கள். ஐந்து வருடத்தில் வாங்கிய விலையில் பாதிக்கும் கீழே, ஏறத்தாழ 44 சதவீதத்துக்கு வந்துவிடும். லீஸ் வண்டி என்றால் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், அல்லது ஓட்டியவரே வாங்கிக்கொள்ளலாம். வண்டி கெட்டுப்போனதால் விற்கவில்லை. கணக்கில் அதன் காலம் முடிந்ததால் விற்கிறார்கள். இதற்கு ஜி.எஸ்.டி. உண்டா என்று கேட்டால், தேய்மானம் கழித்த கம்பெனி, புத்தக மதிப்புக்கு மேல் விற்றால் அந்த உபரித் தொகைக்கு மட்டும் வரி கட்ட வேண்டும். 2025 முதல் அது எல்லாப் பழைய கார்களுக்கும் 18 சதவீதம். முழு விலைக்கும் வரி போட்டு உங்களிடம் கேட்டால் அவர்கள் ஆடிட்டரிடம் பேசச் சொல்லுங்கள்.

பேப்பர் விஷயத்தில் கம்பெனி வண்டிக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. வீட்டு வண்டியில் ஓனர் வந்து கையெழுத்துப் போட்டால் முடிந்தது. கம்பெனி சார்பில் யார் போட வேண்டும் என்பதற்குத் தீர்மானக் கடிதமோ அதிகாரக் கடிதமோ வேண்டும். ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டிலும் அவர் கையெழுத்தும் கம்பெனி முத்திரையும் வேண்டும். லீஸ் வண்டியாக இருந்தால் கையெழுத்துப் போடுகிறவர் பெங்களூரிலோ மும்பையிலோ இருப்பார். ஆர்.சி.யில் பேங்கின் ஹெச்.பி., அதாவது கடன் அடமானப் பதிவு, இருந்தால் ஃபார்ம் 35-உம் பேங்க் என்.ஓ.சி.யும் கையில் வராமல் பணத்தை முழுசாகக் கொடுக்காதீர்கள். இழுத்து மூடிய கம்பெனியின் வண்டியைப் பழைய டைரக்டர் விற்க வந்தால் கிட்டவே போகாதீர்கள். கம்பெனி திவால் நடவடிக்கையில் இருந்தால் விற்கும் அதிகாரம் அவரிடம் இல்லை, அதற்கென நியமிக்கப்பட்டவரிடம் இருக்கும். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஹெச்.பி., இன்சூரன்ஸ் தேதி, எஃப்.சி. பார்த்துவிடலாம். நிலுவையில் இருக்கும் இ-சலானையும் பாருங்கள்; பைபாஸில் ஓடிய கம்பெனி வண்டியில் ஸ்பீடு சலான் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

பெயர் மாற்றத்தை இப்போதைக்கு விடு, பிறகு பார்க்கலாம் என்று கன்சல்டிங்கில் சொன்னால் கேட்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். கை மாறிக் கை மாறிப் போன ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், ஆர்.சி.யில் எவர் பேர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி ஓனர், இழப்பீடும் அவர் தலையில்தான் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு பெரிய கம்பெனிகளின் நிர்வாகப் பிரிவு ஆட்கள் உஷாராகிவிட்டார்கள். பெயர் மாற்ற விண்ணப்பித்த ரசீதைக் காட்டினால்தான் சாவி தருகிறார்கள். சிலருக்கு இது அலைச்சலாகத் தெரிகிறது. உங்களுக்கு அது பாதுகாப்பு. வண்டிக்கு ஏதாவது ஆகி இன்சூரன்ஸ் கேட்கப் போகும் அன்று, ஆர்.சி.யில் ஒரு பேர், பாலிசியில் ஒரு பேர் என்று நின்றால் சொந்தச் சேதத்துக்குக் காசு வாங்குவது பெரும்பாடு. பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் உங்களுக்கு வராது என்பதையும் பிரீமியம் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. வண்டி விலையில் பத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைக்காமல் அதிகம் ஓடிய வண்டி வாங்க இறங்காதீர்கள். ஆயில், கூலன்ட், கியர் ஆயில், பெல்ட், பிரேக், புஷ் எல்லாவற்றையும் முதல் மாதத்திலேயே முடித்துவிட வேண்டும். கையில் இருப்பதையெல்லாம் வண்டி விலைக்கே கொடுத்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்து கடன் சொல்கிறவர், இன்னும் சின்ன வண்டியாகப் பார்த்து எடுத்திருக்க வேண்டியவர். அப்படிப்பட்டவர் முன்கூட்டியே என்னிடம் கேட்டால், ஓசியிலேயே வந்து ‘வேண்டாமுங்க’ என்று சொல்லிவிட்டுப் போவேன்.